பச்சை நம்பர் பிளேட்டும் பழுப்பு நிலக்கரியும்

மகன் மின்சாரக் கார் வாங்கினான். பூசை போட வந்த குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, திருஷ்டி கழித்துத் தேங்காய் உடைத்துவிட்டு, "ம்ம்... ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார்.

"ஸ்டார்ட்லதான் சாமி இருக்கு."

குருக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உறுமல் ஒன்றும் வரவில்லை. பழம் நசுங்கிய சத்தம்தான் வந்தது. அவர் அரையடி பின்னால் குதித்து, "என்ன சார், பூனை மாதிரி வரது!" என்று என்னைப் பார்த்தார், ஏதோ நான் செய்த வண்டிபோல.

"சத்தம் மட்டுமில்ல சாமி, புகையும் கிடையாது. சுத்தமான வண்டி. அதனாலதான் நம்பர் பிளேட்டே பச்சை" என்றான் மகன். உண்மைதான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. புகைச் சான்றிதழ் வாங்கும் வேலையும் கிடையாது. குருக்கள் அந்தப் பச்சைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "ஏம்ப்பா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. புகை எங்க போச்சுன்னு யோசிச்சேன்."

எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் பிறந்து வளர்ந்தேன்.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு மேகம் இரண்டு வகை. ஒன்று மழைக்கு வருவது. இன்னொன்று முதல் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வருவது. முதல் வகை ஏமாற்றிய வருஷங்கள் உண்டு. இரண்டாவது ஏமாற்றியதே இல்லை. ஓவிய வகுப்பில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னைமரம் என்று வரைவார்களாம். நாங்கள் மலைக்குப் பதில் புகைபோக்கி வரைவோம். அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. புகை இல்லாமல் வரைந்தவனை டிராயிங் மாஸ்டர், "என்னடா, ஸ்டிரைக்கா?" என்று கேட்பார். புகை வந்தால் சம்பளம் வருகிறது என்று பொருள். தீபாவளி போனஸ் என்று பொருள்.

அம்மாவுக்கு மட்டும் புகை வேறு கணக்கு. காலையில் துவைத்த துணியை வாளியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கொடியில் வெள்ளை வேட்டி, இந்தப் பக்கக் கொடியில் கலர்த்துணி. வானிலை அறிக்கைக்கெல்லாம் அவள் காத்திருந்ததில்லை.

ஊரின் கதையை அப்பா புராணம்போல் சொல்லுவார். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டப் போனதும், தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்ததும், அது எரியும் என்று கண்டதும். 1956இல் கம்பெனி. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது. 1962இல் ரஷ்யாக்காரர்கள் உதவியோடு முதல் யூனிட் ஓடியது. ஒன்பது யூனிட், மொத்தம் 600 மெகாவாட், அத்தனையும் தமிழ்நாட்டுக்கே. "மெட்ராஸ்ல ஒருத்தன் சுவிட்சைத் தட்டினா இங்க ஒரு கூடை கரி உள்ள போவும்" என்பார் அப்பா. அவருக்குச் சுரங்கத்தில் பெல்ட் வேலை. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு டன் கரி எடுக்க அதற்கு மேலே உள்ள மண்ணைப் பல டன் தள்ள வேண்டும், கீழேயிருந்து பொங்கும் ஊற்றையும் ராப்பகலாக இறைக்க வேண்டும். அப்படி எடுத்ததில் பாதிக்குப் பாதி ஈரம். "தண்ணிய எரிக்கிறோம்டா நாங்க" என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் ஒரு டைனமோ. பின்சக்கர டயரின் மேல் அதன் தலையைச் சாய்த்துவிட்டால் கிர்ர்ரென்று முன்விளக்கு எரியும். ராத்திரி பஜாரிலிருந்து திரும்பும்போது நான் முன்னால் பாரில் உட்கார்ந்திருப்பேன். டைனமோவைப் போட்டதும் என் உச்சந்தலையில் படும் அப்பாவின் மூச்சு மாறிவிடும்.

"ஏம்ப்பா மூச்சு வாங்குது?"

"லைட்டு எரியுதில்ல."

பிற்பாடு கல்லூரியில் ஆற்றல் அழிவின்மை விதியை இரண்டு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கினேன். அப்பா சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இருந்ததாக நினைவில்லை.

அந்த நாளில் எங்கள் ஊரிலிருந்து இன்னொரு சரக்கும் போகும். லெக்கோ. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, கட்டியாக அழுத்தி, ஆலையிலேயே ஒரு தடவை சுட்டு, அதிலிருக்கும் புகையையெல்லாம் போக்கி மூட்டை கட்டி அனுப்புவார்கள். டீக்கடை, இஸ்திரி வண்டி, வீட்டுக் கும்முட்டி எல்லாவற்றிலும் அதுதான் எரியும். விறகுபோல் கண்ணைக் கரிக்காது என்பது அதன் பெருமை. சைதாப்பேட்டைப் பெரியம்மா ஒரு தடவை வந்திருந்தபோது புகழ்ந்து தள்ளினாள். "உங்க ஊரு கரி எரியறதே தெரியலடி. புகையே இல்ல."

அம்மா மோர் கடைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "வராதுக்கா. அந்தப் புகைய நாங்க முன்னாடியே வாங்கி வெச்சுக்கிட்டோம்."

மகனின் காரைப் பற்றி அதற்கப்புறம் எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். அம்மா சொன்ன அளவுக்குச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கே புகை என்பது பெரிய குற்றம். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தலாமா என்று கேட்டவருக்குச் சங்கத்திலிருந்து கடிதம் போயிற்று. அப்படிப்பட்ட இடத்துக்குப் புகையில்லாத வண்டி வருகிறது என்றால் ஆரத்தி எடுத்திருக்க வேண்டும். சங்கம் பொதுக்குழு கூட்டியது. "உங்க பையன் வண்டிக்கு நாங்க கரண்ட் பில்லு கட்டணுமா?" என்பது முதல் கேள்வி. "ராத்திரி பத்திக்கிட்டா?" என்பது இரண்டாவது. மூன்று கூட்டம், இரண்டு மனக்கசப்பு. கடைசியில், தனி மீட்டர் வரும்வரை கீழ்த்தளத்துப் பொது பிளக்கில் செருகிக்கொள்ளலாம், யூனிட்டைக் குறித்துவைத்துப் பணம் கட்டலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

அந்தப் பொது பிளக்கில் ஒரு விசேஷம் இருந்தது. 2008க்குப் பிறகு நாலைந்து வருஷம் தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தது நினைவிருக்கும். அப்போது வாங்கிப்போட்ட ஜெனரேட்டர் எங்களுடையது. லிப்ட், மோட்டார், கீழ்த்தள விளக்கு எல்லாம் அதில் சேர்த்தி. பொது பிளக்கும்தான்.

சித்திரை மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. வேர்வையோடு கீழே இறங்கினேன். ஜெனரேட்டர் தடதடவென்று ஓடி, வேப்பமரத்தை நோக்கிக் கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், பச்சை நம்பர் பிளேட் மினுங்க, வயர் செருகிய வாக்கில் மகனின் கார். பச்சை விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டியது. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ரகசியம்போல் சொன்னார்: "சார், உங்க வண்டி டீசல் குடிக்குது."

மேலே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் எப்படியும் வரப்போவதில்லை. ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் கொடுக்கும். முப்பது யூனிட் ஏற்றினால் இந்த வண்டி இருநூறு கிலோமீட்டர் போகும். ஆக, பத்து லிட்டர் டீசலுக்கு இருநூறு கிலோமீட்டர். லிட்டருக்கு இருபது. மோசமில்லை. ஒரு நல்ல டீசல் கார் கொடுக்கிற மைலேஜ்தான். டீசல் காரே வாங்கியிருந்தால் பொதுக்குழு கூட்டியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மகனிடம் சொன்னேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது ஒரு ராத்திரி நடந்த கூத்துப்பா. நிஜக் கணக்கு போடுவோம், வாங்க" என்று நோட்டை எடுத்தான். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அப்பா–பிள்ளை சேர்ந்து கணக்குப் போட்டது அவனுடைய ஆறாம் வகுப்புக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பெட்ரோல் முதலில். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. இங்கே என் மனைவி குறுக்கிட்டாள். "லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான இருக்கும்? அது எப்படி ரெண்டே கால் கிலோ புகை விடும்?" நியாயமான கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கரி தனியாகப் போவதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, எடை அதனால்தான் கூடுகிறது என்றேன். "ஓடிப்போறவ நகையையும் எடுத்துட்டுப் போற மாதிரி" என்றாள். சரி. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து கிலோ வாயு. எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்துப் பங்குக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் பதினெட்டு என்று வையுங்கள்.

மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்குப் பிளக்கிலிருந்து இழுப்பது பதினைந்து யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் வருவது. காற்று, அணை, அணு, சூரியன் எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோ வாயு. கம்பியில் வழியிலேயே சிந்துவதையும் சேர்த்தால் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ.

"பாத்தீங்களா! பதினெட்டுக்குப் பன்னெண்டு" என்றான்.

ஜெயித்தது அவன்தான், மறுக்கவில்லை. பெட்ரோல் எஞ்சின் தனக்குள் ஊற்றியதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதியெல்லாம் சூடு, சிக்னலில் நின்று உறுமல். மோட்டார் அப்படியல்ல, வாங்கியதில் பெரும்பங்கைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். அதனால்தான் கரி எரித்த மின்சாரத்திலும் அது தாக்குப்பிடிக்கிறது. அதோடு அண்ணாசாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவரின் மூக்குக்கு நேராகப் புகை விடாது. அது சின்ன விஷயமில்லை.

"எங்க ஊர்க் கரண்ட்டை மட்டும் ஊத்தினா?" என்று கேட்டேன். முகம் கொஞ்சம் வாடியது. பழுப்பு நிலக்கரி யூனிட்டுக்கு 1.2, 1.3 கிலோ என்று போகும். பாதி ஈரத்தை ஆவியாக்கிவிட்டுத்தானே எரிய ஆரம்பிக்கிறது. அப்படியானால் நூறு கிலோமீட்டருக்கு இருபதைத் தாண்டிவிடும். பெட்ரோல் கார் ஜெயித்துவிடும்.

"கம்பியில வர்ற கரண்டுக்கு ஊர் பேரு இருக்காப்பா? எல்லாம் கலந்துதான் வருது" என்றான். அதுவும் சரி. காவிரியும் கூவமும் கலந்தபின் எந்த டம்ளரில் எது என்று கேட்பது மாதிரி.

பேட்டரி விஷயத்தில்தான் கொஞ்சம் திணறினான். அதைச் செய்யும்போதே மூன்று டன்னோ அதற்கு மேலோ வாயு வெளியேறிவிடுகிறது. வண்டி ஷோரூமை விட்டு வரும்போதே கழுத்தில் கடன். நூறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோ வீதம் மிச்சம் பிடித்து அந்தக் கடனை அடைக்க ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓட்டுகிறவனுக்கு நாலைந்து வருஷம். கடனைத் தீர்க்கவே தினமும் கொஞ்சம் அதிகம் சுற்றுகிறேன் என்று மகன் சொல்கிறான். அவன் அம்மாவும் துணைக்குப் போகிறாள், புடவைக்கடை வரை.

இந்தக் கணக்கு நேரத்துக்கு நேரம், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். அம்மியே பறக்கிற காற்றில் கார் ஓடாதா? அந்த ராத்திரிகளில் செருகினால் பச்சைப் பலகைக்கு ஓரளவு பொருத்தமாக இருக்கும். நடுப்பகலில் செருகினாலும் சரி. கமுதியிலும் மற்ற ஊர்களிலும் பரப்பிவைத்திருக்கும் தகடுகளில் வெயில் பொரியும் நேரம். ஆனால் நடுப்பகலில் மகன் ஆபீசில் இருப்பான், கார் அங்கே வெயில் புகாத நிலவறையில் இருக்கும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குச் செருகுவான். சூரியன் படுத்துவிட்ட நேரம். தையிலும் மாசியிலும் காற்றும் படுத்துவிடும். யார் விழித்திருப்பார்கள்? எங்கள் ஊர்தான். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் விழித்தே பழக்கப்பட்ட ஊர்.

இதற்கிடையில் இன்னொரு வேடிக்கை. அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகையை வடிகட்டியே விட வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. இரண்டு வருஷம் கெடு. அந்தக் கெடு நீண்டது, பிறகும் நீண்டது, பிறகும். என்னுடைய பழைய ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் ஒரு வாரம் தாமதமானதற்கு நடுரோட்டில் நிறுத்தி அபராதம் வாங்கினார்கள். புகைபோக்கி ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் கைகாட்டி நிறுத்துவது கஷ்டம்தான்.

வைகாசியில் பலாப்பழம் சாப்பிட வா என்று அக்கா கூப்பிட்டாள். அத்தான் ஓய்வுபெற்றதும் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். இருநூறு கிலோமீட்டர். புது வண்டியில் போவோம் என்றான் மகன். விக்கிரவாண்டியில் சார்ஜ் ஏற்ற முக்கால் மணி நேரம் நின்றோம். இரண்டு காபி, ஒரு வடை, மூன்று தடவை கழிவறை. வழியில் அவன் ஒன்றைக் காட்டினான். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சக்கரத்தின் ஓட்டமே மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. திரையில் அம்புக்குறி பின்னால் ஓடியது. "பாருங்கப்பா, சும்மா கிடைக்கிற கரண்ட்டு."

"உங்க தாத்தாகிட்ட இது இருந்துச்சு" என்றேன். அவன் நம்பவில்லை.

ஆர்ச் கேட் வந்தது. கண் தானாக வானத்துக்குப் போயிற்று. முதல் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன். நான் வரைந்து பழகிய இடத்தில் புகை இல்லை. டிராயிங் மாஸ்டர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். சுத்தமான வானத்தைப் பார்த்து மனசு கனத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கனத்தது இன்னும் அபத்தம். மகன் மட்டும், "இங்க ஏர் நல்லாத்தான இருக்கு!" என்றான். மந்தாரக்குப்பம் பக்கம் திரும்பினோம். இரண்டாவது நிலையத்தின் புகை தெரிந்தது. அவன் அப்புறம் பேசவில்லை.

சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஏசி பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல் வழியாக வயரை விட்டு, காருக்குச் செருகினான். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார். முப்பத்திரண்டு வருஷம் பாய்லரில் நின்றவர். "ஆக, நீ சென்னையில இதை எரிக்கிற, நாங்க இங்க அதை எரிக்கிறோம். நீ இங்க வந்தா ரெண்டு பேரும் ஒரே இடத்துல எரிக்கிறோம்" என்றார். பிறகு பேச்சு நிலத்துக்குப் போயிற்று. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வேலைக்காக மேல்வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதைச் சொன்னார். பாய்லருக்குப் பசிக்கும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் வயலைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிற்று. மகன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, எழுபத்தொன்று சதவீதம்.

விடிந்ததும் வண்டியைத் துடைக்கப் போனான். கண்ணாடிமேல் மெல்லிசாகத் தூசு படிந்திருந்தது. லாரி கிளப்பின மண்ணோ, செங்கல் சூளைச் சாம்பலோ, எதுவோ. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை இது?" என்றான்.

அக்கா துணி வாளியை இடுப்பில் வைத்தபடி வந்தாள். கோட்டைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடா. ராத்திரி உன் வண்டி சாப்ட்டுட்டுக் கை கழுவிச்சு."

பழைய துணி ஒன்றை அவன் தோளில் போட்டுவிட்டுக் கொடிப் பக்கம் போனவள், முதல் வேட்டியை உதறுவதற்கு முன் அண்ணாந்து பார்த்தாள். புகை கிழக்கே சாய்ந்திருந்தது.